ஹென்றி ஜிஃபார்ட்: நீராவியாலேயே கொதிகலனுக்கு நீர் ஊட்டியவர்

மாணவர்களே, கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்திருப்பீர்கள். அந்த நிலையம் 2001-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே இருந்தது ரயில் பெட்டிகளைப் பிரித்தும் சேர்த்தும் அனுப்பும் பழைய யார்டு. கோலாலம்பூரின் முதல் ரயில் பாதை 1886-இல் புக்கிட் கூடா வரை போடப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1890-இல், ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. தண்டவாளம் போட்டவர்கள், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்கள், நிலையங்களில் கணக்கு எழுதியவர்கள் எனத் தமிழர்கள் பலர் அந்த ரயில்வேயில் இருந்தார்கள். பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இன்றும் பல குடும்பங்களின் கதை ஒரு ரயில்வே குவார்ட்டர்சில்தான் தொடங்குகிறது.

உங்கள் கொள்ளுத்தாத்தா நீராவி எஞ்சினில் பயர்மேனாக இருந்திருந்தால், அவர் கண் அடிக்கடி போன இடம் ஒன்று உண்டு. கொதிகலனின் முகப்பில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் அது. கொதிகலனுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். தண்ணீர் குறைந்து, நெருப்பு எரியும் அறையின் கூரைத் தகடு வெளியே தெரிந்துவிட்டால் அந்தத் தகடு பழுத்து இளகிவிடும். பிறகு உள்ளே இருக்கும் அழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு வரும். எஞ்சினில் நிற்கும் இரண்டு பேரும் பிழைப்பது அரிது. ஆகவே ரயில் ஓடினாலும் நின்றாலும் கொதிகலனுக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். கொதிகலனுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குள் தண்ணீரைச் சும்மா ஊற்ற முடியாது. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திணிக்க வேண்டும். அந்த வேலைக்கு பயர்மேன் ஒரு வால்வைத் திறப்பார், ஒரு பிடியைத் திருப்புவார். சீறல் சத்தம் கேட்கும். தண்ணீர் உள்ளே போகும். சுழலும் சக்கரமோ ஏறி இறங்கும் பிஸ்டனோ அதில் இல்லை. சில கூம்புகள் வரிசையாகப் பொருத்தப்பட்ட ஒரு பித்தளைக் குழாய், அவ்வளவுதான். அதன் பெயர் இன்ஜெக்டர். ஜெட் பம்ப் குடும்பத்தில் இதைவிடப் புகழ் பெற்ற பிள்ளை இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் ரயிலுக்காக வாழ்ந்தவரும் அல்லர். அவருடைய ஆசை முழுக்க வானத்தில் இருந்தது.

ஹென்றி ஜிஃபார்ட் 1825 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1837-இல், பாரிசிலிருந்து சாங் ஜெர்மான் என்ற ஊருக்கு நீராவி ரயில் ஓடத் தொடங்கியது. பிரெஞ்சுத் தலைநகரம் பார்த்த முதல் பயணிகள் ரயில் அது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ரயில் எஞ்சின்களை வேடிக்கை பார்க்கப் போன பையன் என்றுதான் அவருடைய நண்பரும் பலூன் வீரருமான காஸ்தோன் திசாந்தியே அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். (இதைப் படித்துவிட்டு யாரும் மட்டம் போட வேண்டாம், அந்தப் பையன் போனது எஞ்சினைப் படிக்க.) பதினேழு வயதை எட்டுவதற்குள் அந்த ரயில் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

பகலில் ரயில்வே வேலை. மனத்தில் மட்டும் பலூன். அன்று பலூன் என்றால் காற்று தள்ளும் பக்கம் போவதுதான். 1783-இலேயே மனிதன் பலூனில் ஏறிவிட்டான். ஆனால் எழுபது ஆண்டுகள் ஆகியும் நினைத்த பக்கம் அதைத் திருப்ப ஒருவராலும் முடியவில்லை. நீராவி எஞ்சினைப் பலூனில் தொங்கவிட்டு ஒரு விசிறியைச் சுழற்றினால் என்ன என்று ஜிஃபார்ட் யோசித்தார். யோசனை எளிது. ஆனால் எரியும் வாயு நிரம்பிய பைக்குக் கீழே கரி அடுப்பை மூட்டிக்கொண்டு பறப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் புகைபோக்கியைத் தலைகீழாகத் திருப்பினார். புகையும் பொறியும் கீழ்நோக்கிப் போகும்படி செய்தார். அடுப்பைச் சுற்றிக் கம்பி வலை போட்டார்.

1852 செப்டம்பர் 24. சுமார் 44 மீட்டர் நீளமுள்ள, சுருட்டு வடிவப் பலூன் ஒன்று பாரிசின் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பியது. எஞ்சினின் சக்தி 3 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் ஓடும் சிறிய மோட்டார் சைக்கிளில்கூட அதைவிட அதிகம் இருக்கும். ஜிஃபார்ட் தனியாகவே பறந்தார். ஏறக்குறைய 27 கிலோமீட்டர் போய் பத்திரமாக இறங்கினார். வழியில் இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்டினார். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர மட்டும் முடியவில்லை. அன்றைய காற்றை எதிர்க்க எஞ்சினுக்கு வலு போதவில்லை. எஞ்சின் பூட்டிய வான்கலத்தில் மனிதன் பறந்த முதல் பயணம் அதுதான். ரைட் சகோதரர்கள் பறந்தது இதற்கு 51 ஆண்டுகள் கழித்து.

1855-இல் இன்னும் நீளமான ஒரு வான்கலத்தைக் கட்டினார். தரையிறங்கும் நேரத்தில் பலூன் தன் வலையிலிருந்து நழுவிப் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் தப்பியதே பெரிது. கையில் இருந்த பணம் போய்க் கடன்தான் மிஞ்சியது.

சிறிய எஞ்சினை ஓட்டுபவருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்டும் பம்புக்கு பிஸ்டன், தடி, வால்வு என்று பல பாகங்கள் வேண்டும். ரயிலில் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அந்தக் கால ஊட்டு பம்பு எஞ்சினின் சக்கரத்தோடு இணைந்தே இயங்கியது. சக்கரம் சுழன்றால்தான் தண்ணீர் போகும். ரயில் நிலையத்தில் நீண்ட நேரம் நின்றுவிட்டால் கொதிகலனில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு வழியில்லாமல், எஞ்சினைப் பெட்டிகளிலிருந்து கழற்றி, தண்ணீர் ஏற்றுவதற்காகவே முன்னும் பின்னுமாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வருவார்கள். பால் குடிக்கும் குழந்தையை ஓடினால்தான் பால் என்று விரட்டுவது போல!

இதற்கு ஜிஃபார்ட் கண்ட விடையைப் பலர் முதலில் நம்பவில்லை. கொதிகலனிலிருந்து நீராவியை எடுத்து, அந்த நீராவியைக் கொண்டே தண்ணீரைத் தள்ளி, அதே கொதிகலனுக்குள் நுழைப்பது. 10 பார் அழுத்தத்தில் வெளியே வந்த நீராவி, 10 பாரை எதிர்த்து, தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு எப்படித் திரும்ப உள்ளே போகும்? தன் காலரைத் தானே பிடித்து மேலே தூக்கிக்கொள்வது போல அல்லவா இருக்கிறது? எரிபொருள் இல்லாமல் என்றும் ஓடும் இயந்திரம் என்ற பழைய பித்தலாட்டத்தின் இன்னொரு வடிவமோ என்று சந்தேகப்பட்ட பொறியாளர்களும் உண்டு.

சந்தேகம் நியாயமானதுதான். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தண்ணீர் தன் வேகத்தாலேயே 10 பார் அழுத்தத்தை வென்று நுழைய வேண்டும் என்றால் எவ்வளவு வேகம் வேண்டும்? அழுத்தத்தை 2-ஆல் பெருக்கி, நீரின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 10 பார் என்பது 10 லட்சம் பாஸ்கல். 20 லட்சத்தை 1,000-ஆல் வகுத்தால் 2,000. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 45. நொடிக்கு 45 மீட்டர், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டர். இந்த வேகம் இருந்தால் போதும்.

இனி நீராவி. அதே அழுத்தத்தில் நீராவி தண்ணீரைவிட ஏறக்குறைய 200 மடங்கு இலேசானது. வெளியே விரியும்போது அது தன் வெப்பத்தின் ஒரு பகுதியையும் வேகமாக மாற்றிக்கொள்கிறது. சரியாக வடிவமைத்த கூம்பு வழியாக 10 பாரிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு அதை விரியவிட்டால், இழப்புகளைக் கணக்கில் எடுக்காதபோது, நொடிக்கு 850 மீட்டருக்கு மேல் பாயும். ஒலியைவிட வேகம். அழுத்தம் ஒன்றுதான், ஆனால் தண்ணீருக்கு 45 கிடைக்கும் இடத்தில் நீராவிக்கு 850 கிடைக்கிறது. முழு இரகசியமும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

1 கிலோ நீராவி 12 கிலோ தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்து 13 கிலோ. உந்தம் அழியாது என்பது நீங்கள் படித்த பாடம். 850-ஐ 13-ஆல் வகுத்தால் 65. தேவைப்பட்டது 45, கிடைத்தது 65. உராய்விலும் சுழிப்பிலும் கொஞ்சம் போனாலும் கொதிகலனின் கதவைத் தள்ளித் திறக்க மிச்சம் இருக்கிறது.

ஜிஃபார்ட்டின் குழாயில் இது மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கூம்பில் நீராவி வேகம் எடுக்கிறது. அது பாய்ந்து வெளிவரும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. தொட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு வருகிறது. இரண்டாவது கூம்பில் நீராவியும் தண்ணீரும் கலக்கின்றன. குளிர்ந்த நீர் பட்டதும் நீராவி சட்டென்று நீராகிச் சுருங்கிவிடுகிறது. இப்போது மிஞ்சுவது வேகமாக ஓடும் ஒரு நீர்த்தாரை மட்டும். மூன்றாவது குழாய் மெல்ல விரிகிறது. விரியும் குழாயில் நீரின் வேகம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அது கொதிகலனின் அழுத்தத்தைத் தாண்டியதும் ஒருவழி வால்வு திறக்கிறது.

ஐந்தாம் படிவ இயற்பியலில் பெர்னோலி தத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு முதல் கூம்பும் மூன்றாவது குழாயும் பழக்கமானவையாக இருக்கும்: வேகம் கூடினால் அழுத்தம் குறையும், வேகம் குறைந்தால் அழுத்தம் கூடும். பல நூல்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. என் கருத்தில் நடுக் கூம்புதான் ஜிஃபார்ட்டின் மேதைமை. அங்கே வேலை செய்வது பெர்னோலி அல்ல. உந்தமும், நீராவி நீராவதும்.

பொறியாளர்களின் சந்தேகத்துக்குப் பதிலும் அங்கேதான். 1 கிலோ நீராவி நீராகும்போது 20 லட்சம் ஜூலுக்கு மேல் வெப்பத்தை வெளிவிடுகிறது. தண்ணீரைத் தள்ளச் செலவாகும் ஆற்றல் அதற்கு முன்னால் மிகச் சிறியது. மீதி வெப்பம் வீணாவதும் இல்லை. ஊட்டும் தண்ணீரைச் சூடாக்கி, அதோடு கொதிகலனுக்கே திரும்பிவிடுகிறது. இயற்கையின் விதி எதுவும் மீறப்படவில்லை. எல்லாம் அடுப்பில் எரியும் கரி கொடுத்த ஆற்றல்.

தொட்டித் தண்ணீர் மிகவும் சூடாகிவிட்டால் இன்ஜெக்டர் மக்கர் பண்ணும் என்பதற்கும் காரணம் இதுவே. நீராவி நீராகாவிட்டால் தாரை உருவாகாது. எல்லாம் மேலே போகாமல் வழிந்தோடும் குழாய் வழியே கீழே கொட்டும். அப்போது பயர்மேன் செய்யும் முதல் வேலை, சூடேறிய இன்ஜெக்டரின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது. மலாயா வெயிலில் இது எத்தனை முறை நடந்திருக்கும்! பிற்காலத்து எஞ்சின்களில் பொதுவாக இரண்டு இன்ஜெக்டர்கள் வைத்தார்கள். ஒன்று கைவிட்டால் இன்னொன்று.

1858-இல் ஜிஃபார்ட் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பிரெஞ்சு அறிவியல் கழகம் இயந்திரவியல் பரிசை அவருக்குக் கொடுத்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனமும் அமெரிக்காவில் பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் நிறுவனமும் உரிமம் வாங்கித் தயாரிக்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் ரயில் எஞ்சின்களிலும் தொழிற்சாலைக் கொதிகலன்களிலும் பரவிவிட்டது. கோலாலம்பூரில் முதல் ரயில் ஓடியபோது இன்ஜெக்டர் பிறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேகமாக ஓடும் ஒரு தாரை, அசையாமல் இருக்கும் இன்னொரு திரவத்தை இழுத்துக்கொண்டு போவதுதான் எல்லா ஜெட் பம்புக்கும் அடிப்படை. நீராவிக்குப் பதிலாகத் தண்ணீரையே தாரையாக விடும் பம்பை 1852-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட்டில் ஜேம்ஸ் தாம்சன் உருவாக்கினார். வெப்பநிலை அலகுக்குப் பெயர் தந்த கெல்வின் பிரபுவின் அண்ணன் அவர். தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் ஜெட் பம்ப் என்று சொல்வது இந்த வகையைத்தான். மேலே இருந்து உறிஞ்சும் எந்தப் பம்பாலும் 10 மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்க முடியாது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தாங்கும். நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டர். ஆகவே கிணற்றுக்குள் இரண்டு குழாய்கள் இறக்குவார்கள். ஒன்றின் வழியே பம்பு கொஞ்சம் தண்ணீரைக் கீழே அனுப்பும். அது அடியில் உள்ள கூம்பில் பாய்ந்து, கிணற்று நீரையும் சேர்த்து மற்றக் குழாயில் மேலே தள்ளும். தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பத் திரும்பக் கீழே அனுப்ப வேண்டியிருப்பதால் மின்சாரச் செலவு அதிகம். ஆனால் கிணற்றுக்குள் கெட்டுப்போக எதுவும் இல்லை; மோட்டார் மேலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

நம் நாட்டு ஈய லம்பங்களும் இதைப் பயன்படுத்தியவைதான். கிந்தா பள்ளத்தாக்கில் மலையிலிருந்து குழாயில் வந்த நீரின் வேகத்தைக் கொண்டே, குழியில் கிடந்த ஈய மணலையும் சரளையையும் மேலே ஏற்றினார்கள். மணல் கலந்த நீர் சுழலும் பம்பைத் தின்றுவிடும். ஜெட் பம்பில் தேய்வது ஒரு கூம்பு மட்டும், மாற்றிவிடலாம். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போனால் ஜிஃபார்ட்டின் நேர் வாரிசைப் பார்க்கலாம். எண்ணெயின் வாடையை நீக்க அதை 240 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறார்கள். காற்று பட்டால் எண்ணெய் கெட்டுவிடும். ஆகவே கலத்துக்குள் அழுத்தத்தை வெளிக்காற்றின் 200-இல் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்வது வரிசையாக நிற்கும் நீராவித் தாரைகள். பொம்பா வீரர்கள் தண்ணீரோடு நுரைக் கரைசலைக் கலக்கும் குழாய், சில கார்களில் பெட்ரோல் தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எண்ணெயை மாற்றும் சிறு பம்பு, சிலவகை அணு உலைகளுக்குள் நீரைச் சுழல விடும் பெரிய குழாய்கள், உங்கள் வேதியியல் கூடத்தில் தண்ணீர்க் குழாயில் மாட்டி வடிகட்டப் பயன்படுத்தும் உறிஞ்சி எல்லாம் இந்தக் குடும்பமே.

மலாயா ரயில்வே 1957-இலிருந்து டீசல் எஞ்சின்களைக் கொண்டுவந்தது. 1970-களில் நீராவி எஞ்சின்கள் விடைபெற்றன. அவற்றோடு இன்ஜெக்டரின் சீறலும் நம் தண்டவாளங்களிலிருந்து போனது.

ஜிஃபார்ட்டிடம் வருவோம். இன்ஜெக்டர் அவரைப் பெரும் பணக்காரராக்கியது. கடன்களை அடைத்தார். அதன் பிறகும் அவர் மனம் போனது பலூன் பக்கம்தான். 1878-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 25,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு மாபெரும் பலூனைச் செய்தார். கயிற்றில் கட்டிய பலூன் அது. நீராவி எஞ்சின் கயிற்றை விட்டும் இழுத்தும் கொடுக்கும். ஒரே நேரத்தில் ஏறக்குறைய 50 பேர், சுமார் 500 மீட்டர் உயரம் வரை போய் நகரத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அந்தக் கோடையில் அப்படி ஏறியவர்கள் ஏறக்குறைய 35,000 பேர். அவர் கனவு கண்டதோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள, காற்றை எதிர்த்துப் போகும் வான்கலம். அதற்கான வரைபடங்கள் காகிதத்திலேயே தங்கிவிட்டன.

கடைசி ஆண்டுகளில் கண் பார்வை மங்கத் தொடங்கியது. வரைபடமும் இயந்திரமுமே வாழ்க்கையாக இருந்தவருக்கு அது தாங்க முடியாத இடி. ஆட்களைப் பார்ப்பதைக் குறைத்தார், வீட்டுக்குள் ஒடுங்கினார். 1882 ஏப்ரலில், 57-ஆவது வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். தம் செல்வத்தைப் பிரெஞ்சு நாட்டுக்கே எழுதி வைத்திருந்தார்: அறிவியல் வளர்ச்சிக்கும் ஏழைகளின் நலனுக்கும் செலவிட வேண்டும் என்று.

ஏழு ஆண்டுகள் கழித்து பாரிசில் ஈபிள் கோபுரம் எழுந்தது. அதன் முதல் தளத்தைச் சுற்றிலும் 72 பிரெஞ்சு அறிவியலாளர்கள், பொறியாளர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஜிஃபார்ட்.